விடுப்பும் வரியும்

தமிழில் ‘வரி’ என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. ஏட்டில் எழுதும் எழுத்தின் நிரலும் வரி. வேங்கையின் மேனியில் ஓடும் கோடும் வரி. குடிமக்கள் அரசுக்குச் செலுத்தும் பங்கும் வரி. இந்தக் கடைசிப் பொருளில் நம் முன்னோர் ‘இறை’ என்ற சொல்லையும் வழங்கினர். வரி நீக்கப்பெற்ற நிலத்தை நம் கோயில் கல்வெட்டுகள் ‘இறையிலி’ என்று குறிக்கின்றன. ‘விடுப்பு’ என்னும் சொல்லோ ‘விடு’ என்ற வினையிலிருந்து பிறந்தது. கட்டிய கயிற்றை அவிழ்த்து விடுவது போல், கடமையிலிருந்து ஒருவரைச் சிறிது காலம் அவிழ்த்து விடுவதே விடுப்பு. உழைத்துப் பெற்ற பொருளில் எவ்வளவு நமக்கு எஞ்சும் என்பதை வரி சொல்கிறது. உழைக்கும் நாளில் எவ்வளவு நமக்கு எஞ்சும் என்பதை விடுப்பு சொல்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரக் கணக்கிட்டுப் பார்க்கும்போதுதான் ஒரு வேலையின் உண்மையான மதிப்பு விளங்கும். இந்தச் சிறு உண்மையை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த இளைஞர்களிடமிருந்து கற்றேன்.

பாளையங்கோட்டையில் பிறந்து, கணக்கியல் பயின்று, பிழைப்பைத் தேடிக் கடல் கடந்தவன் நான். அமெரிக்க ஐக்கிய நாட்டின் புளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகரில், 25 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகிறேன். அந்நாட்டில் குறைந்த வருவாய் உடையோரின் வருமான வரிப் படிவங்களைக் கட்டணமின்றி நிரப்பித் தரும் தன்னார்வத் திட்டம் ஒன்று உண்டு. ‘வீட்டா’ என்பது அதன் சுருக்கப் பெயர். வரித் துறையே தேர்வு வைத்துத் தொண்டர்களைத் தகுதிப்படுத்துகிறது. வெளிநாட்டு மாணவர், பயிற்சியாளர் ஆகியோரின் படிவங்களை நிரப்புவதற்குத் தனித் தேர்வு உண்டு. அதில் தேறி, ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை வாரத்தில் இரண்டு மாலைகள் ஒரு பொது நூலகத்தின் பின்னறையில் அமர்ந்திருக்கிறேன். அங்கு என் எதிரே வந்து அமர்பவர்களுள் பெரும்பாலோர் இருபது, இருபத்திரண்டு வயதினர். கேளிக்கைப் பூங்காக்களிலே ஓராண்டு ஒப்பந்தத்தில் பணி செய்ய வந்தவர்கள்.

ஒர்லாண்டோவைப் பற்றி வாசகர்கள் கேள்வியுற்றிருக்கக்கூடும். 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று வால்ட் டிஸ்னி வேர்ல்ட் அங்கே திறக்கப்பட்டது. சரியாகப் பதினோராண்டுகள் கழித்து, 1982 அக்டோபர் முதல் நாளில், ‘எப்காட்’ என்னும் இரண்டாவது பூங்கா எழுந்தது. அதன் ஒரு பாதியில், செயற்கை ஏரி ஒன்றைச் சுற்றிலும் உலக நாடுகளின் அரங்குகள் அமைந்துள்ளன. மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்சு, பிரிட்டன், கனடா என இன்று பதினோரு அரங்குகள் உள்ளன. பிரெஞ்சு அரங்கில் ரொட்டி விற்பவர் பிரான்சிலிருந்தே வந்திருக்க வேண்டும், ஜப்பானிய அரங்கில் வரவேற்பவர் ஜப்பானியராகவே இருக்க வேண்டும் என்பது அமைத்தோரின் எண்ணம். அதனால்தான் அந்நாடுகளின் இளைஞர்கள் பெட்டியும் கையுமாக அங்கே வந்து இறங்குகின்றனர். உள்ளூர் மக்கள் அவர்களைச் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையைக் கொண்டே அறிவர். பெயருக்குக் கீழே ஊரின் பெயரும் நாட்டின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும்.

இத்தகையோர்க்காகவே 1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் ‘க்யூ-1’ என்னும் விசாப் பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. பண்பாட்டுப் பரிமாற்ற விசா என்பது அதன் முறையான பெயர். டிஸ்னி விசா என்பது மக்கள் இட்ட பெயர். பதினெட்டு வயது நிறைந்தவர்க்கே அது கிட்டும். அதிகபட்சம் பதினைந்து மாதங்கள் செல்லும். காலம் முடிந்த பின் புறப்படுவதற்கு முப்பது நாட்கள் தருவர். மீண்டும் அதே விசாவில் வர வேண்டுமாயின் முழுமையாக ஓராண்டேனும் அந்நாட்டிற்கு வெளியே தங்கியிருக்க வேண்டும். மனைவியையோ கணவனையோ குழந்தையையோ உடன் அழைத்து வர அந்த விசாவில் இடமில்லை. உள்ளூர்த் தொழிலாளர்க்கு நிகரான ஊதியமும் பணிச் சூழலும் தரப்பட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. மாணவர்கள் சிலர் ‘ஜே-1’ என்னும் பிரிவிலும் வருவர். கல்லூரி விடுமுறையில் நான்கு மாதங்கள் வரை உழைத்துவிட்டுத் திரும்புவோரும், ஓராண்டு வரை பயிற்சி பெறுவோரும் இதில் அடங்குவர்.

‘உள்ளூர்த் தொழிலாளர்க்கு நிகராக’ என்னும் சொற்றொடர் கேட்பதற்கு இனிது. ஆனால் அதன் உட்பொருளைச் சற்றே ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஊதியத்துடன் கூடிய விடுமுறை தந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க நாட்டின் கூட்டரசுச் சட்டம் எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்துவதில்லை. 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் நியாயத் தரச் சட்டம் குறைந்தபட்சக் கூலியைப் பேசுகிறது. வாரத்தில் நாற்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி தரச் சொல்கிறது. செய்யாத வேலைக்குக் கூலி தருமாறு எங்கும் சொல்லவில்லை. அந்த ஒன்றரை மடங்கிலிருந்தும், ஆண்டில் ஏழு மாதங்களுக்கு மேல் இயங்காத கேளிக்கைப் பூங்காக்களுக்கு விலக்கு உண்டு. வடமாநிலங்களில் கோடையில் மட்டும் திறக்கும் பூங்காக்களுக்குச் செல்லும் மாணவர்கள் இதனை அறிந்து செல்வது நலம். புளோரிடாவின் பெரும் பூங்காக்கள் ஆண்டு முழுவதும் இயங்குவன. ஆதலின் அந்த விலக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

ஆகவே இந்த இளைஞர்க்கு விடுப்பு என்பது பெரும்பாலும் கேட்டுப் பெறுவதன்று, சேர்த்து வைப்பது. வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வு கிடைக்கலாம். அது சனி ஞாயிறாக அமைவது அரிது. பிறர் விடுமுறையைக் கொண்டாடும் நாள்களே இவர்கள் மிகுதியாக உழைக்கும் நாள்கள். கிறிஸ்துமஸ் வாரம், ஈஸ்டர் வாரம், பள்ளிகளின் கோடை விடுமுறை ஆகிய காலங்களில் விடுப்பு வேண்டுவது, அறுவடை நாளில் களத்தை விட்டுப் போக அனுமதி கேட்பதைப் போன்றது. அறிவுள்ள பிள்ளைகள் தமக்குள் முறைகளை மாற்றிக் கொள்கின்றனர். இன்று உன் இரவு முறையை நான் பார்க்கிறேன், அடுத்த வியாழன் என் பகல் முறையை நீ பார் என்று ஒப்பந்தம் செய்து, நான்கைந்து நாள்களைத் தொடர்ச்சியாகத் திரட்டிக் கொள்கின்றனர். அந்த நான்கைந்து நாள்களில் நியூயார்க்கைப் பார்த்துவிடுவோரும் உண்டு. அறையில் படுத்து உறங்கியே கழிப்போரும் உண்டு. இரவு வாணவேடிக்கை முடிந்து கூட்டம் கலைந்து, கடையைப் பூட்டிப் பேருந்தைப் பிடித்து அறைக்கு வர நள்ளிரவைத் தாண்டும் வேலையில், உறக்கத்தையும் ஒரு சுற்றுலா என்றே சொல்ல வேண்டும்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு மாலை, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். முந்தைய ஆண்டு ஜூன் மாதத்தில் வந்தவள். அவள் எந்த நிறுவனத்தில் பணி செய்தாள் என்பது இங்கே தேவையில்லை. ஓராண்டின் ஊதியத்தையும் பிடித்தங்களையும் காட்டும் ‘டபிள்யூ-2’ என்னும் தாளை, முதலாளிகள் ஜனவரி 31க்குள் ஒவ்வொருவர்க்கும் வழங்கியாக வேண்டும். அத்தாளை மடித்து ஒரு பழைய உறைக்குள் வைத்திருந்தாள். மேசையில் அதை வைத்ததும் அவள் கேட்ட முதற்கேள்வி வரியைப் பற்றியதன்று. “ஐயா, எனக்கு ஏதாவது திரும்பக் கிடைக்குமா? கிடைக்குமென்றால் எப்போது கிடைக்கும்?” என்றாள். பலரும் கேட்கும் கேள்விதான். ஆயினும் ‘எப்போது’ என்ற சொல்லில் ஓர் அவசரம் இருந்தது. காரணம் கேட்டேன். அவளைக் குழந்தைப் பருவம் முதல் வளர்த்த பாட்டியார் நோயுற்றிருந்தார். மருத்துவர்கள் வாரக் கணக்கில் பேசத் தொடங்கிவிட்டனர்.

முதலில் கணக்கைப் பார்த்தோம். 2023ஆம் ஆண்டில் அவள் ஈட்டியது 14,000 டாலர். அமெரிக்கக் குடிமக்கள் வரி கணக்கிடும்போது முதற்கண் ஒரு பெருந்தொகையைக் கழித்துக் கொள்ளலாம். அதனை நிலையான கழிவு என்பர். 2023இல் தனி ஒருவர்க்கு அது 13,850 டாலர். ஆனால் இவ்விளைஞர்கள் வரிச் சட்டத்தின் கண்ணில் ‘வசிக்காத அயலார்’. அவர்களுக்கு அந்தக் கழிவு பொதுவாக இல்லை. முதல் டாலரிலிருந்தே வரி தொடங்கிவிடும். முதல் 11,000 டாலருக்கு நூற்றுக்குப் பத்து வீதம் 1,100. எஞ்சிய 3,000 டாலருக்குப் பன்னிரண்டு வீதம் 360. ஆக ஏறத்தாழ 1,460 டாலர். அவளுடைய ஊதியத்திலிருந்து ஏறக்குறைய அதே தொகை முன்னரே பிடிக்கப்பட்டிருந்தது. புளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை. ஆகவே வரவும் செலவும் சரியாகிவிட்டன. திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை.

அவள் முகம் வாடியது. தாளை மீண்டும் ஒருமுறை நோக்கினேன். நான்காம் கட்டத்தில் 868 டாலரும் ஆறாம் கட்டத்தில் 203 டாலரும் குறிக்கப்பட்டிருந்தன. அவை சமூகக் காப்பு, முதியோர் மருத்துவக் காப்பு ஆகியவற்றுக்கான பிடித்தங்கள். முன்னது நூற்றுக்கு 6.2, பின்னது 1.45. எந்த முதியோர்க்காகவோ இளையோர் செலுத்தும் பங்கு இது, நல்ல ஏற்பாடே. ஆயினும் எஃப், ஜே, எம், க்யூ ஆகிய விசாக்களில் வந்து, வசிக்காத அயலாராகவே இருப்போர் இவ்விரண்டையும் செலுத்த வேண்டியதில்லை என்று சட்டமே விலக்களித்துள்ளது. அவர்கள் முதுமையில் அந்நாட்டில் இருக்கப் போவதில்லை. ஆதலால் அந்த முதுமைக்காகச் செலுத்துவதும் இல்லை. நம் கல்வெட்டுகளின் மொழியில் சொன்னால், அவர்களின் ஊதியம் இவ்வொரு வகையில் ‘இறையிலி’. ஊதியப் பிரிவில் எவரோ ஒருவர் கணினியில் தவறான குறியைத் தேர்ந்திருக்கிறார். இரண்டையும் கூட்டினால் 1,071 டாலர்.

அவளுக்குத் திரும்பி வர வேண்டிய பணம் அது. ஆனால் அதனை வரிப் படிவத்தில் கேட்க முடியாது. முதலில் முதலாளியிடமே எழுத்துமூலம் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் மட்டும் 843, 8316 என்னும் எண்களுள்ள இரண்டு படிவங்களை நிரப்பி வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். கடிதத்தை அன்றே எழுதினோம். “பணம் வந்துவிடும்” என்று என்னால் உறுதி கூற முடிந்தது. எப்போது என்று கூற முடியவில்லை. சில வாரங்கள் ஆகலாம். அவளுடைய பாட்டியாரின் கணக்கும் வாரங்களில்தான் இருந்தது.

அடுத்து விடுப்பு. குடும்பத்தாரின் நோய்க்காகப் பன்னிரண்டு வாரங்கள் வரை, ஊதியமின்றி ஆயினும் வேலையை இழக்காமல், விடுப்பு எடுக்க உரிமை தரும் சட்டம் ஒன்று 1993இல் அந்நாட்டில் இயற்றப்பட்டது. அதில் தாத்தா பாட்டியர்க்கு இடமில்லை. ஆனால் பெற்றோரின் இடத்தில் நின்று வளர்த்தவர்க்கு இடமுண்டு. சட்டம் இயற்றியோருள் யாரோ ஒருவர் பாட்டியின் மடியில் வளர்ந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணிக் கொள்வதுண்டு. எனினும் அவ்வுரிமை, அதே முதலாளியிடம் பன்னிரண்டு மாதங்களும் 1,250 மணி நேரமும் பணி செய்தவர்க்கே உரியது. இவளோ எட்டு மாதங்களே கடந்திருந்தாள். ஓராண்டு ஒப்பந்தத்தில் வருவோர் அவ்வுரிமையை எட்டும் நாளும், நாட்டை விட்டுப் புறப்படும் நாளும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே உரிமை இல்லை, கேட்டுப் பார்க்கலாம். கேட்டாள். மேற்பார்வையாளர் இரக்கமுள்ளவர். இரண்டு வாரம் ஊதியமற்ற விடுப்புக்கு இசைந்தார். ஒப்பந்தக் காலத்தில் ஒரே ஒரு முறைதான் இவ்வாறு தர இயலும் என்றும் கூறினார்.

இந்த ‘ஒரே ஒரு முறை’தான் அவளை உலுக்கிவிட்டது. இப்போது போனால், இறுதிச் சடங்குக்குப் போக முடியாது. இறுதிச் சடங்குக்கென்று விடுப்பைக் காத்து வைத்தால், உயிரோடு காண முடியாது. “எங்கள் ஊரில் சடங்குக்கு வராதவளை மன்னிக்க மாட்டார்கள், ஐயா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றாள்.

கணக்குப் பார்க்க அமர்ந்த மேசையில் இப்படி ஒரு கேள்வி எழும் என்று எந்தத் தேர்விலும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் ஊரிலும் இதே நெறிதானே? திருமணத்துக்குப் போகாவிட்டாலும் துக்க வீட்டுக்குப் போயாக வேண்டும். என் தந்தையார் 2001ஆம் ஆண்டில் திடீரென மறைந்தார். இரண்டு நாள் பயணத்துக்குப் பின் பாளையங்கோட்டைக்கு நான் சென்று சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஏழாம் நாள் முடிந்து புறப்படுகையில் என் தாயார் சொன்ன சொல்லை நான் மறந்ததில்லை. “நான் செத்தப்புறம் நீ வந்தா எனக்கா தெரியப் போவுது? கண்ணு முழிச்சிருக்கும்போது வந்து உக்காரு. அது போதும் ராசா.” அதன்பின் அவர் வாழ்ந்த ஒன்பது ஆண்டுகளும், ஆண்டுக்கு ஒரு முறை சென்று அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு நான் அறிவுரை எதுவும் கூறவில்லை. என் தாயார் சொன்னதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை.

அவள் போனாள். ஊதியப் பிரிவின் பணம் வருவதற்கு முன்பே போனாள். அவளோடு ஒரே அடுக்கில் தங்கியிருந்த ஐந்து பெண்கள் தத்தம் சேமிப்பிலிருந்து கொடுத்தார்கள். ஒருத்தி பிரேசில் நாட்டவள், ஒருத்தி நார்வே நாட்டவள், மற்றோர் வேறு வேறு நாட்டினர். போகும் முன் மூன்று காரியங்களைச் சரிபார்த்துக் கொள்ளச் சொல்லியிருந்தேன். விசா மறுபடி நுழைவதற்கு இடம் தருகிறதா என்பது ஒன்று. விடுப்புக்கான இசைவு எழுத்தில் உள்ளதா என்பது மற்றொன்று. தங்குமிட வாடகை விடுப்புக் காலத்திலும் பிடிக்கப்படுமா என்பது மூன்றாவது. வாடகை பிடிக்கப்படும் என்பதே பதில். இல்லாத நாளுக்கும் வாடகை உண்டு, இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. இத்தகைய பணிகளில் வாடகை பெரும்பாலும் சம்பளத்திலிருந்தே வாரந்தோறும் கழிக்கப்படுகிறது. ஆதலால் வேலை குறைந்த வாரத்தில் கையில் வருவது மிகச் சிறுத்துவிடும். வரக் கருதும் எவரும் இதனை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

பதினொரு நாட்கள் பாட்டியின் கட்டிலருகே அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள். திரும்பிய மூன்றாம் வாரத்தில் பாட்டியார் மறைந்தார். அன்று அவளுக்கு மாலை முறை. விடுப்பு இல்லை. பிறிதொரு பெண் அவள் முறையை ஏற்றுக்கொண்டதால் அறையில் இருந்து, தொலைபேசியின் சிறு திரையில் சடங்கைக் கண்டாள். ஏப்ரல் மாதத்தில் 1,071 டாலரும் அவள் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அதனைப் பங்கிட்டு ஐவர்க்கும் திருப்பிக் கொடுத்தாள். நூலகத்துக்கு வந்து இதையெல்லாம் சொல்லிவிட்டு, “நீங்கள் கண்டுபிடித்தது என் பணத்தை மட்டும் அல்ல” என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லார்க்கும் இவ்வாறு அமைவதில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனா நோயின் காரணமாக ஒர்லாண்டோவின் பூங்காக்கள் மூடப்பட்டபோது, அயல்நாட்டு இளைஞர்களின் பணித்திட்டங்கள் இடையிலேயே முடிவுற்றன. சில நாள்களுக்குள் பெட்டி கட்டிப் புறப்பட வேண்டியதாயிற்று. அது வரிப் படிவக் காலத்தின் நடுப்பகுதி. எங்கள் நூலக அறையும் பூட்டப்பட்டது. அரசு அவ்வாண்டு கடைசி நாளை ஏப்ரல் 15இலிருந்து ஜூலை 15க்குத் தள்ளி வைத்தது. ஆயினும் படிவம் நிரப்பாமலே ஊர் திரும்பியவர்க்கும், வங்கிக் கணக்கை மூடிவிட்டுப் போனவர்க்கும், திரும்ப வேண்டிய பணம் எங்கோ நின்றுவிட்டது. திரும்பப் பெறும் உரிமை மூன்றாண்டுகள் வரை உண்டு என்பதைப் பலர் அறியார். பல நாட்டு அரங்குகளுக்கு இளைஞர்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2022ஆம் ஆண்டில்தான்.

நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். உணவக மேலாண்மை பயிலும் தமிழ் மாணவர் சிலர் ‘ஜே-1’ பயிற்சியாளராக அந்நகரத்து விடுதிகளுக்கு வருகின்றனர். தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவர், நண்பர்களின் பேச்சைக் கேட்டு, குடிமக்கள் நிரப்பும் 1040 படிவத்தைக் கணினியில் நிரப்பி அனுப்பிவிட்டிருந்தார். பெரிய தொகை ஒன்று விரைவில் திரும்பி வந்தது. மகிழ்ச்சியோடு ஊருக்கும் அனுப்பிவிட்டார். பின்னர் ஐயம் எழுந்து என்னிடம் வந்தார். “மாமா, இது என் பணம்தானா?” என்று அவர் கேட்டபோது அந்த நேர்மையை மனத்துள் வணங்கினேன். வசிக்காத அயலார் நிரப்ப வேண்டியது ‘1040-என்.ஆர்.’ என்னும் படிவம். அதனுடன் 8843 என்னும் தாளையும் இணைக்க வேண்டும். தவறான படிவத்தைத் திருத்தி அனுப்பி, உரிமையற்ற சலுகைத் தொகையை வட்டியுடன் செலுத்தினோம்.

ஆனால் ஓர் ஆறுதலும் கிடைத்தது. 1990ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள இந்திய அமெரிக்க வரி உடன்படிக்கையின் இருபத்தொன்றாம் பிரிவு, இந்தியாவிலிருந்து வரும் மாணவர்க்கும் தொழில் பயில்வோர்க்கும் அந்த நிலையான கழிவை அனுமதிக்கிறது. பிற நாட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாத இச்சலுகை நம்மவர்க்கு இருப்பதை நம்மவரே அறிவதில்லை. ஆகவே அவர் திருப்பிச் செலுத்த வேண்டியிருந்தது, அஞ்சியதைவிட மிகக் குறைவாகவே அமைந்தது. அன்றிரவு அவர் தந்தையார் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, எங்க பையன் ஏதும் தப்புல மாட்டிக்கலையே?” என்று கேட்டார். இல்லை என்றேன். தவற்றைத் தானே தேடிப் போய்த் திருத்தியவன் மாட்டிக் கொள்வதில்லை.

இப்படிப் பணிக்குப் போகக் கருதும் பிள்ளைகளின் பெற்றோர்க்கு, அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்வேன். விசாவின் பெயரை அறிந்து கொள்ளுங்கள். வரியின் வழி அதிலிருந்தே பிரிகிறது. முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்தவுடன், சமூகக் காப்புக்கென்று ஏதும் பிடிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் மாதத்தில் திருத்துவது எளிது, பன்னிரண்டாம் மாதத்தில் அரிது. ஒவ்வொரு சீட்டையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். உணவகத்தில் பரிமாறுவோர்க்குக் கிடைக்கும் அன்பளிப்புத் தொகையும் வருமானமே. அதையும் குறித்து வைக்க வேண்டும். ஆண்டின் நடுவில் ஊர் திரும்புவோர், அடுத்த ஜனவரியில் டபிள்யூ-2 தாள் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு வர வேண்டும். வங்கிக் கணக்கை உடனே மூட வேண்டாம். விடுப்பைப் பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கையொப்பத்துக்கு முன் படிக்க வேண்டும்; எழுதாதது இல்லாதது என்றே கொள்ள வேண்டும். திரும்பி வருவதற்கான பயணச் சீட்டின் விலையை, வந்த முதல் மாதங்களிலேயே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அந்தத் தொகைக்கு வேறு எந்தப் பெயரும் சூட்டக் கூடாது.

மாலை வேளைகளில் அந்தப் பூங்காக்களின் வாயிலருகே சில சமயம் நின்று பார்த்திருக்கிறேன். ஆண்டெல்லாம் உழைத்துச் சேர்த்த விடுமுறையைக் கொண்டாடக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். தந்தையின் தோளில் குழந்தை உறங்குகிறது. பாட்டியாரைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பேரப்பிள்ளைகள் தள்ளிச் செல்கின்றனர். அவர்களுக்கு வழிவிட்டு, புன்னகையோடு கையசைத்து நிற்கிறார் சீருடை அணிந்த ஓர் இளைஞர். அவருடைய பாட்டியார் பத்தாயிரம் மைல்களுக்கு அப்பால் இருக்கலாம். ஒருவருடைய விடுமுறையை மற்றொருவர் தம் உழைப்பால் நெய்து தருகிறார். நாம் எங்கே எப்போது ஓய்ந்திருந்தாலும், அந்த ஓய்வுக்குப் பின்னால் ஓயாத ஒருவர் நின்று கொண்டிருக்கிறார்: பேருந்து ஓட்டுநர், மருத்துவமனைச் செவிலியர், கடற்கரையில் சுண்டல் விற்கும் சிறுவன், பண்டிகை நாளில் பணியிலிருக்கும் காவலர். அவருக்கும் ஒரு வீடு உண்டு. அவருக்கும் வழிபார்த்திருக்கும் ஒருவர் உண்டு. அடுத்த முறை விடுமுறையில் எவரேனும் நமக்குத் தேநீர் கொண்டு வந்து வைத்தால், அவர் சட்டையில் இருக்கும் பெயரை ஒருமுறை படித்து, அந்தப் பெயரைச் சொல்லி நன்றி கூறுவோம். அதற்கு வரியும் இல்லை, விடுப்பும் வேண்டியதில்லை.